உங்களுக்குத் தெரியுமா? கண்டுபிடித்தவரே கோட்டைவிட்ட கதைகள்

● சென்னைக் கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், ஒரு காலத்தில் அமெரிக்க ஐஸ் வியாபாரியின் கிடங்கு. பாஸ்டன்காரரான ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றவர். 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் அனுப்பினார். நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு ஏறத்தாழ 100 டன் கரையாமல் இறங்கியது. 1840-களில் சென்னையிலும் கிடங்கு எழும்பியது. அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

1870-களில் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனி சென்னையிலேயே தொடங்கியதும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. அமெரிக்காவில் மட்டும் கதை வேறு மாதிரி போனது. இயந்திர ஐஸ் வந்த பிறகு ஏரி ஐஸ்காரர்கள் அறுக்கும் கருவிகளை மேம்படுத்தினார்கள், கிடங்குகளை இன்னும் நன்றாகக் கட்டினார்கள். ஏரி ஐஸ் அறுவடை பல ஆண்டுகள் கூடிக்கொண்டேதான் போனது. தங்கள் தொழிலில் அவர்கள் ஆகச் சிறந்தவர்களாக விளங்கியது, அந்தத் தொழில் முடியப்போகும் நேரத்தில்தான்.

● 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை செந்தில் நசுக்குவதைப் பார்த்துச் சிரிக்காத தமிழர் குறைவு. அந்த மேண்டில், மின்விளக்கோடு மல்லுக்கட்டிய பொருள் என்பது பலருக்குத் தெரியாது. எடிசனின் பல்பு 1879-ல் வந்தது. காஸ் விளக்குக் கம்பெனிகளின் கதை முடிந்தது என்று நினைத்த வேளையில், ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-ல் மேண்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1891-ல் தோரியத்தோடு கொஞ்சம் சீரியம் சேர்த்து அதைச் செம்மையாக்கினார். அதே அளவு காஸில் பல மடங்கு வெளிச்சம் கிடைத்தது. மின்விளக்குக்காரர்கள் கொஞ்ச காலம் திணறித்தான் போனார்கள். சாகப்போகும் தொழில்நுட்பம் கடைசி நேரத்தில் இப்படி ஒரு பாய்ச்சல் காட்டுவது அடிக்கடி நடப்பதுதான். அந்தப் பாய்ச்சலைப் பார்த்து மயங்கிப் பழைய தொழிலிலேயே பணத்தைக் கொட்டியவர்கள் உண்டு.

இதில் நம்மூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் இருப்பதைக் கண்டார். மணல் வந்த இடத்தைத் தேடிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்கு. அங்கே மணல் ஆலை தொடங்கியதே மேண்டிலுக்காகத்தான்.

● தொழிற்சாலைக்குள் மின்சாரம் நுழைந்தபோது பல முதலாளிகள் செய்தது ஒன்றே ஒன்று: நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை உட்கார வைத்தார்கள். மேற்கூரையை ஒட்டி ஓடும் நீண்ட ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கும் பெல்ட் எல்லாம் அப்படியே இருந்தன. (பழைய அரிசி ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்.) ஒரே ஒரு இயந்திரம் ஓடவேண்டுமானாலும் ஷாஃப்ட் முழுவதும் சுற்றியாக வேண்டும். நீளமான ஷாஃப்டில் சக்தி வீணாகும் என்பதால் தொழிற்சாலையை அடுக்குமாடியாகக் கட்டி, இயந்திரங்களை ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே நெருக்கி வைத்திருந்தார்கள். மோட்டார் வந்த பிறகும் அந்தக் கட்டடம் மாறவில்லை, வேலை நடக்கும் வரிசையும் மாறவில்லை.

நியூயார்க்கில் எடிசனின் மின் நிலையம் 1882-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. 1900 வாக்கில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்கு சக்தியில் மின்மோட்டார்களின் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. உற்பத்தித் திறன் குதித்து ஏறியது 1920-களில்தான். அப்போதுதான் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, தரைத்தளத்தில் பரந்த கூடம் கட்டி, பொருள் நகரும் வரிசைப்படி இயந்திரங்களை அடுக்கினார்கள். பொருளியல் வரலாற்றாளர் பால் டேவிட் 1990-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விளக்கினார். ஆபீஸ் முழுக்கக் கம்ப்யூட்டர் வந்தும் வேலை ஏன் வேகமாகவில்லை என்று அப்போது பொருளாதார அறிஞர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அவர் சொன்ன பதில்தான் இந்த மோட்டார் கதை. காகிதப் படிவத்தை அப்படியே திரையில் ஏற்றிவிட்டு அதன் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோக்கும் அலுவலகங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே ஷாஃப்டும் பெல்ட்டும் இன்னும் கழற்றப்படவில்லை.

● முதல் ஏ.டி.எம். இயந்திரம் 1967 ஜூன் 27-ல் லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கியில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பேரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். அமெரிக்காவில் ஏ.டி.எம். பரவிய பிறகு, 1988-க்கும் 2004-க்கும் இடையில், நகரத்து வங்கிக் கிளை ஒன்றில் கவுன்டர் ஊழியர்களின் சராசரி எண்ணிக்கை 20-லிருந்து 13 ஆகக் குறைந்தது. ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் 43 சதவீதம் அதிகமாகக் கிளைகளைத் திறந்தன. கவுன்டர் ஊழியர் இனம் அழியவில்லை. பணம் எண்ணும் வேலை போய், கடனையும் கார்டையும் விற்கும் வேலை அவர்கள் தலையில் வந்து விழுந்தது. அது முன்னேற்றமா என்பதை இலக்கு வைத்துக் கார்டு விற்கும் ஊழியரிடம்தான் கேட்கவேண்டும்.

● கோடாக் கம்பெனி டிஜிட்டல் கேமராவால் அழிந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே கோடாக் என்பதும் இப்போது பலருக்குத் தெரிந்திருக்கும். 1975-ல் ஸ்டீவ் சாஸன் என்ற இளம் பொறியாளர் அதைச் செய்தார். எடை 3.6 கிலோ. படம் 100-க்கு 100 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆகும், பிறகு டி.வி. பெட்டியில் போட்டுப் பார்க்கவேண்டும். 1978-ல் காப்புரிமையும் கிடைத்தது.

இதற்கு மேல் சொல்லப்படுவதில்தான் கதை வழி தவறுகிறது. கோடாக் தூங்கவில்லை. டிஜிட்டல் ஆராய்ச்சியில் ஏராளமாகச் செலவழித்தது. 2005-ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற டிஜிட்டல் கேமரா கோடாக்தான்! ஆனால் படச்சுருள், கழுவும் ரசாயனம், அச்சிடும் தாள் மூன்றிலும் மாறி மாறிக் கிடைத்துவந்த லாபத்துக்கு டிஜிட்டல் கேமராவில் இடமே இல்லை. அது எந்த மின்னணுக் கம்பெனியும் செய்யக்கூடிய பொருளாகிவிட்டது. வேறு ஏதாவது தொழிலுக்குத் தாவலாம் என்றால், ரசாயனப் பிரிவை 1994-ல் தனிக் கம்பெனியாகப் பிரித்துக் கொடுத்தாயிற்று. மருந்துத் தொழிலையும் அதே ஆண்டில் விற்றாயிற்று. மருத்துவப் படப் பிரிவு 2007-ல் கைமாறியது. ஒவ்வொரு விற்பனையும் அன்றைக்கு நியாயமாகத்தான் தெரிந்தது. 2012 ஜனவரியில் திவால் மனு.

● அதே வெள்ளம் ஜப்பானின் ஃபியூஜி ஃபிலிம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. உலகப் படச்சுருள் விற்பனை 2000-ல் உச்சியைத் தொட்டது. பத்தே ஆண்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. தலைவர் ஷிகெடாகா கோமோரி தம் பொறியாளர்களிடம் கணக்கெடுக்கச் சொன்னது விற்கும் பொருள்களை அல்ல, கைவசம் இருக்கும் கைத்திறன்களை. படச்சுருளில் பாதி ஜெலட்டின், அதாவது கொலாஜன். மனிதத் தோலிலும் கொலாஜன்தான். படம் வெளுக்காமல் காக்கத் தெரிந்தவர்களுக்கு முகம் வெளுக்காமல் காக்கத் தெரியாதா என்று 2007-ல் 'அஸ்டாலிஃப்ட்' என்ற முகப்பூச்சு வந்தது. படச்சுருளுக்கு அடித்தளமான மெல்லிய தாளைச் செய்யும் வித்தை, எல்.சி.டி. திரைகளுக்கான பாதுகாப்புப் படலமாக மறுபிறவி எடுத்தது. 2008-ல் டொயாமா கெமிக்கல் என்ற மருந்துக் கம்பெனியை வாங்கினார்கள். கோவிட் காலத்தில் அடிபட்ட ஃபேவிபிராவிர் மாத்திரை அங்கே பிறந்ததுதான்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது சரியில்லை. ஆயிரக்கணக்கான வேலைகள் போயின. கோமோரிக்கு அமைந்த வசதி, கையில் இருந்த ரொக்கம், அவசரப்படுத்தாத பங்குதாரர்கள். கோடாக்குக்கு அந்த இரண்டாவது வசதி கிடைக்கவில்லை.

● வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டதாலேயே சறுக்கிய கம்பெனி உண்டா? உண்டு. சீகேட், 1980-களில் மேசைக் கணினிகளுக்கான 5.25 அங்குல ஹார்டு டிஸ்க் சந்தையின் முதல்வன். 1985-லேயே அதன் பொறியாளர்கள் சின்ன 3.5 அங்குல டிஸ்க்கைச் செய்துவிட்டார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். விற்பனைப் பிரிவினர் அதைத் தூக்கிக்கொண்டு பெரிய வாடிக்கையாளர்களிடம் போனார்கள். "இது எதற்கு? எங்களுக்குக் கொள்ளளவு கூடவேண்டும், விலை குறையவேண்டும்" என்ற தொனியில் பதில் வந்தது. திட்டம் பெட்டிக்குள் போய்விட்டது. வெளியேறிய ஆள்கள் கானர் பெரிஃபரல்ஸ் என்ற கம்பெனியில் அதையே செய்து, கைக்கடக்கமான கணினிகள் செய்பவர்களிடம் விற்றார்கள். சீகேட் 3.5 அங்குலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1988-ல். நிர்வாகவியல் அறிஞர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997-ல் எழுதிய புகழ்பெற்ற நூலுக்கு அடிப்படையே இந்த ஹார்டு டிஸ்க் கதைகள்தான். 1996-ல் சீகேட், கானரை விலைக்கு வாங்கிக்கொண்டது. பணம் இருந்தால் தாமதத்துக்கும் தீர்வு உண்டு.

● ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வு மையம், நாம் இன்று பயன்படுத்தும் கணினித் திரையின் தாய்வீடு. சுட்டியால் தொட்டு இயக்கும் ஆல்டோ கணினி அங்கே 1973-ல் ஓடியது. 1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்ததும், பிறகு நடந்ததும் ஊரறிந்த கதை. அந்த வருகைக்கு ஜெராக்ஸ் வாங்கிய விலையைத்தான் பலர் சொல்வதில்லை: ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வருமுன் அதில் ஒரு லட்சம் பங்குகளைச் சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்கும் வாய்ப்பு.

ஜெராக்ஸ் எல்லாவற்றையும் கோட்டைவிட்டது என்பதும் பாதி உண்மைதான். கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் ஜெராக்ஸின் நியூயார்க் மாநில ஆய்வுக்கூடத்தில் லேசரால் அச்சிட முயன்றுகொண்டிருந்தார். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. 1971-ல் பாலோ ஆல்டோவுக்கு மாறிப்போய் வேலையை முடித்தார். 1977-ல் வந்த ஜெராக்ஸ் 9700 லேசர் பிரிண்டர், விநாடிக்கு இரண்டு பக்கம் தள்ளியது. ஆய்வு மையத்துக்குச் செலவழித்ததைப் போலப் பல மடங்கை அது ஒன்றே ஈட்டித் தந்தது என்பார்கள். இது மட்டும் ஏன் பிழைத்தது? இதில் தாள் இருந்தது. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கத் தெரிந்த கம்பெனிக்குப் பக்கம் பக்கமாகத் துப்பும் இயந்திரம் உடனே புரிந்தது. தாளே இல்லாத ஆபீஸை அவர்களால் காசாக்கத் தெரியவில்லை.

● 3எம் கம்பெனி 1902-ல் பிறந்தது ஒரு ஏமாற்றத்தில். குருந்தக்கல் என்று நம்பித் தோண்டிய கனிமம் வேறு ஏதோ உதவாக்கல்லாகப் போயிற்று. பிழைப்புக்காக உப்புத்தாள் செய்யப் போய், பசை பூசும் வித்தையில் கைதேர்ந்தார்கள். ஊழியர் தம் நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற வழக்கம் அங்கே 1948 முதல் உண்டு.

● அந்த 3எம்மில்தான் ஸ்பென்சர் சில்வர் 1968-ல், ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் ஒரு பசையைக் கண்டுபிடித்தார். எதற்கென்றுதான் தெரியவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த ஆர்ட் ஃப்ரை என்ற சகஊழியருக்கு, பாட்டுப் புத்தகத்தில் அடையாளச் சீட்டு நழுவி விழுவது தொல்லை. 1974-ல் இரண்டும் சந்தித்தன. மஞ்சள் நிறம் திட்டமிட்டதல்ல. பக்கத்து ஆய்வறையில் கிடந்த உதிரித் தாள் மஞ்சளாக இருந்தது, அவ்வளவுதான். 1977-ல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், யாரும் சீண்டவில்லை. அடுத்த ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் இலவசமாக அள்ளிக் கொடுத்தார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். 1980-ல் 'போஸ்ட்-இட்' நாடு முழுக்க வந்தது. கண்டுபிடிப்புக்கும் கடைக்கும் இடையே 12 ஆண்டு. இந்தக் காலத்து மூன்று மாதக் கணக்கு அதைப் பொறுத்திருக்குமா?

3எம்மே ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து 2000 இறுதியில் வந்த தலைவர் ஜேம்ஸ் மெக்நெர்னி, தொழிற்சாலையில் பிழையைக் குறைக்கும் 'சிக்ஸ் சிக்மா' முறையை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோனார். செலவு குறைந்தது, லாபம் ஏறியது. புதுப்பொருள்கள் இளைத்தன. அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி, ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் அந்தக் கடிவாளத்தைத் தளர்த்தினார்.

● அமெரிக்க விமானக் கம்பெனி லாக்ஹீட், 1943-ல் தன் ஜெட் விமானத் திட்டத்தைத் தலைமையகத்தின் கண்ணில் படாத ஓரிடத்துக்குத் தள்ளிவைத்தது. கெல்லி ஜான்சன் தலைமையில் ஒரு சிறு குழு, 143 நாளில் மாதிரி விமானத்தை முடித்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் ஆலையின் நாற்றம் தாங்காமல், ஒரு காமிக்ஸில் வரும் நாற்றக் கொட்டகையின் பெயரைச் சற்றே மாற்றிச் சூட்டியதுதான் 'ஸ்கங்க் வொர்க்ஸ்'. இன்று உலகம் முழுக்க ரகசியக் குழுக்களுக்கு அதுதான் செல்லப் பெயர்.

● ஐ.பி.எம். அதே வழியில் ஃபுளோரிடாவின் போகா ரேட்டன் ஊரில் ஒரு சிறு குழுவை உட்கார வைத்தது. கடையில் கிடைக்கும் உதிரிபாகங்களைக் கொண்டே ஓராண்டில் கணினி செய்து 1981 ஆகஸ்ட் 12-ல் வெளியிட்டது. சிப் இன்டெல்லுடையது, இயங்கு மென்பொருள் மைக்ரோசாஃப்டுடையது. கடையில் கிடைப்பது போட்டிக் கம்பெனியான காம்பாக்குக்கும் கிடைக்குமே! அச்சு அசலான நகல்கள் கிளம்பின. ஐ.பி.எம்.முக்கு வேகம் கிடைத்தது. லாபம் அந்த இரண்டு கம்பெனிகளுக்குப் போனது.

● இன்டெல்லே தன் பிறப்புத் தொழிலை விட்ட கதை தனி. ஆரம்பத்தில் அது நினைவக சிப் கம்பெனி. 1980-களில் ஜப்பானியர்கள் தரத்திலும் விலையிலும் அடித்து நொறுக்கினார்கள். 1985-ல் ஒரு நாள் இன்டெல் நிர்வாகி ஆன்டி குரோவ், தலைவர் கார்டன் மூரிடம் கேட்டாராம்: நம்மைத் துரத்திவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகத்தை விட்டு வெளியேறுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய்விட்டு உள்ளே வந்து அதைச் செய்வோம் என்றார் குரோவ். நிர்வாகப் பாடப் புத்தகங்களில் பிரசித்தி பெற்ற உரையாடல் இது.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பகுதி. எந்த சிப்புக்கு எவ்வளவு தொழிற்சாலை நேரம் என்பதை ஒதுக்க இன்டெல்லில் ஒரு விதி இருந்தது: ஒரு சிலிக்கான் வட்டில் எது அதிக லாபம் தருகிறதோ அதற்கு முன்னுரிமை. அந்த விதிப்படி உற்பத்தித் திட்டமிடும் ஊழியர்கள் மாதாமாதம் நினைவகத்தைக் குறைத்து, நுண்செயலியைக் கூட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். மேலே தத்துவ விவாதம் நடந்த நாளில் நினைவக உற்பத்தி ஏற்கெனவே ஒரு மூலைக்குச் சுருங்கிவிட்டது. முதலாளிகள் மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, கீழே கணக்குப் பிள்ளைகள் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

● குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முதல் மாதிரி 1967-ல் உருவானது சுவிட்சர்லாந்தின் நூஷாடெல் நகரில். கடைக்கு முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் சீகோ, 1969 கிறிஸ்துமஸ் நாளில். விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு சின்னக் கார் வாங்கும் காசு. பிறகு விலை சரிந்த வேகத்தில் சுவிஸ் கடிகாரத் தொழிலாளர் எண்ணிக்கை 1970-ல் இருந்த சுமார் 90,000-லிருந்து 1980-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. மீட்டது 1983-ல் வந்த பிளாஸ்டிக் 'ஸ்வாட்ச்'. வழக்கமாக 90-க்கும் மேல் இருக்கும் உதிரிபாகங்களை 51-ஆகக் குறைத்திருந்தார்கள். சாவி கொடுக்கும் விலையுயர்ந்த கடிகாரங்கள் பிற்பாடு ஆடம்பரப் பொருளாகத் திரும்பி வந்து ராஜநடை போடுவது வேறு வேடிக்கை.

● அதே காலத்தில் இந்தியாவில் கைக்கடிகாரம் என்றால் எச்.எம்.டி. இந்தியாவில் குவார்ட்ஸை முதலில் கொண்டுவந்ததும் அதுதான். ஆனால் சாவிக் கடிகாரத்தை விட மனம் வரவில்லை. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூர் தொழிற்சாலையில் தொடக்கத்திலேயே குவார்ட்ஸில் இறங்கியது. இழக்கப் பழைய தொழிற்சாலை எதுவும் அதற்கு இல்லை. 2002-ல் வெறும் 3.5 மில்லிமீட்டர் தடிமனில் 'எட்ஜ்' கடிகாரம் செய்தார்கள். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. டிட்கோவிடம் டைட்டன் பங்குகளில் கால் பங்குக்கும் மேல் இன்னும் இருக்கிறது. அரசு செய்த முதலீடுகளில் இதைப் போல் பலித்தது எதுவும் உண்டா என்று தேடித்தான் பார்க்கவேண்டும்.

● எல்லாரும் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தும்போது, ஒரு கம்பெனி வேண்டுமென்றே பழையதை எடுத்தது. நின்டெண்டோ 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி. இயந்திரப் பராமரிப்பு ஊழியராகச் சேர்ந்த குன்பெய் யோகோய், ஓய்வு நேரத்தில் செய்த நீளும் கை பொம்மை முதலாளி கண்ணில் பட்டு 1966-ல் விற்பனைக்கு வந்தது. வாடி உதிர்ந்த தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசி என்பது அவருடைய கொள்கை: விலை குறைந்து, குறை நிறை எல்லாம் தெரிந்த பழைய பாகத்தை எடு, யாரும் நினைக்காத இடத்தில் வை. புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கால்குலேட்டர் திரையிலேயே விளையாட்டு செய்தார். 1989-ல் வந்த 'கேம் பாய்' கறுப்பு வெள்ளைதான். போட்டியாளரான சேகாவின் கருவியில் வண்ணத் திரை இருந்தது, ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்தது. கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. பேட்டரிக்குக் காசு கொடுப்பவர் அப்பா என்பதை யோகோய் மறக்கவில்லை. அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து 11 கோடிக்கும் மேல் விற்றது.

● டொயோட்டாவின் முதல் புகழ் தறியில். சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். நெசவு இயந்திரங்களுக்கு உலகப் புகழ்பெற்ற இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ், 1929-ல் ஒரு லட்சம் பவுனுக்கு அதன் காப்புரிமைக்கு ஒப்பந்தம் போட்டது. அந்தப் பணம்தான் மகன் கிச்சிரோவின் கார் ஆராய்ச்சிக்கு விதை என்பது டொயோட்டா வீட்டுக் கதை. பணத்தைவிட அதிகம் உழைத்தது தறியின் யோசனை. கோளாறு தெரிந்தால் கடைநிலைத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலை வரிசையை நிறுத்தலாம் என்ற டொயோட்டா வழக்கத்துக்கு மூலம் அந்த அறுந்த நூல்.

● கண்ணாடித் தகட்டை உருக்கிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் முறைக்கு இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 7 ஆண்டும் 70 லட்சம் பவுனும் செலவிட்டு, 1959-ல் அதை அறிவித்தது. அதில் ஓராண்டுக்கு மேல் வெளிவந்த கண்ணாடி முழுவதும் விற்க லாயக்கில்லாதது. குடும்பக் கம்பெனியாக இருந்ததால் பொறுத்தார்கள். கண்டுபிடித்த அலஸ்டேர் பில்கிங்டன், பெயரில் ஒற்றுமை இருந்தாலும், அந்தக் குடும்பத்தவர் அல்ல.

● பிளாக்பஸ்டர் என்ற வீடியோ வாடகைக் கம்பெனி, 2000-ல் 5 கோடி டாலருக்கு வந்த நெட்ஃபிளிக்ஸை வேண்டாமென்றது பழைய செய்தி. 2006-ல் அதே பிளாக்பஸ்டர் தபாலில் வரும் டிஸ்க்கைக் கடையில் மாற்றிக்கொள்ளும் வசதியைத் தொடங்கி நெட்ஃபிளிக்ஸைத் திணறடித்தது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அதற்குச் செலவு பிடித்தது. இயக்குநர் குழுவோடு தகராறு முற்றித் தலைவர் ஜான் ஆன்டியோகோ 2007-ல் வெளியேறினார். புதிதாக வந்தவர் மறுபடி கடைகளின் பக்கம் திரும்பினார். 2010 செப்டம்பரில் திவால்.

● மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்புரை அறுவைக்குப் பிறகு சோடாப்புட்டிக் கண்ணாடி போடும் காலம் போய், கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. இறக்குமதி லென்ஸின் விலை 100 டாலரை ஒட்டி இருந்தது. ஏழை நோயாளிக்குப் பழைய முறை, பணக்காரருக்குப் புதிய முறை என்று பிரிந்துவிடும் நிலை. டாக்டர் ஜி. வெங்கடசுவாமியின் குழு 1992-ல் 'அரோலேப்' தொழிற்சாலையைத் தொடங்கி, லென்ஸை 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. பிறகு அது இன்னும் இறங்கியது. மருத்துவமனை தானே கருவி உற்பத்தியாளராவது நிர்வாக நூல்கள் பரிந்துரைக்கும் வழியல்ல. ஆனால் அந்த ஒரு விலை இறங்காமல் வேறு எதையும் நகர்த்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது.

● நோக்கியா 1865-ல் பின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கிய கம்பெனி. ரப்பர் பூட்ஸ், டயர், கேபிள் என்று தோல் உரித்துக்கொண்டே வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய அதன் கைபேசித் தொழிற்சாலை, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் பலருக்கு முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்தது. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கால் இந்தத் தொழிற்சாலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது.

ஐபோன் வருவதை நோக்கியா பார்க்கவில்லை என்பது தவறு. தொடுதிரைக் கருவிகளில் அவர்களும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். டிமோ வூரி, குய் ஹூய் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கம்பெனிக்காரர்கள் உட்பட 76 பேரிடம் பேசி 2016-ல் வெளியிட்ட ஆய்வு, பயத்தைக் காரணமாகக் காட்டுகிறது. மேலிருந்தவர்களுக்குப் போட்டியாளர்களையும் பங்குச் சந்தையையும் கண்டு பயம். நடுமட்ட மேலாளர்களுக்கு மேலிருந்தவர்களைக் கண்டு பயம். நோக்கியா கைபேசிகளை இயக்கும் சிம்பியன் மென்பொருள் சரியான நேரத்தில் தயாராகாது என்று தெரிந்தும், "முடித்துவிடலாம்" என்றே அறிக்கை மேலே போனது. ஆபீஸில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது.

கைபேசியை விற்ற நோக்கியா மூழ்கவில்லை. தொலைத்தொடர்பு வலையமைப்புத் தொழிலில் நின்றுகொண்டு, 2016-ல் அல்காடெல்-லூசென்ட் கம்பெனியைத் தன்னோடு இணைத்தது. அதோடு சேர்ந்து, 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்த அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடமும் பின்லாந்துக்காரர்கள் கைக்கு வந்துவிட்டது.